விலகிய நந்தியும் எரிந்த நந்தனும்: புனிதவெளி குறித்துச் சில குறிப்புகள்

திருப்புன்கூருக்குப் போயிருந்தேன். வைத்தீஸ்வரன் கோயிலுக்குப் பக்கத்து ஊர்தான். சிவலோகநாதர் கோயிலில் நந்தி பெரியது. சன்னிதிக்கு நேராக இல்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கிக் கிடக்கிறது. வாசலில் பூ விற்றுக்கொண்டிருந்த அம்மா நான் கேட்காமலேயே சொன்னார்: "உள்ள போயிடாதீங்க சார், மொதல்ல இங்கேர்ந்து பாருங்க. அவரு இங்க நின்னுதான் பாத்தாரு." நின்று பார்த்தேன். விளக்கு தெரிந்தது. பிறகு உள்ளே போனேன். இந்தப் 'பிறகு' நந்தனுக்குக் கிடைக்கவில்லை. என் முன்னோருக்கு அது எப்போதும் கிடைத்திருந்தது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வெளியே நிறுத்தப்பட்டவனின் இடத்திலிருந்து நான் இதை எழுத முடியாது. உள்ளே போய்வந்தவனாக அந்த வாசலைப் பற்றி யோசிக்கத்தான் முடியும்.

புனிதம் பற்றி நம்மூரில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் மிர்ச்சா எலியாடைத் துணைக்கு அழைக்கிறார்கள். 1957இல் வந்த 'புனிதமும் சாதாரணமும்' நூலில் அவர் சொல்வது எளிது. சமயவாழ்வு வாழ்கிற மனிதனுக்கு வெளி ஒரேசீராக இருப்பதில்லை. ஓரிடத்தில் அது கிழிகிறது. அங்கே புனிதம் தன்னைக் காட்டிக்கொள்கிறது. அந்த இடம் உலகின் மையமாகிறது. இதற்கு அவர் காட்டும் உதாரணங்களில் ஒன்று நகரத்துத் தேவாலயத்தின் கதவு. தெருவையும் ஆலயத்தையும் பிரிப்பதும் அந்த வாசற்படிதான், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழியைத் திறப்பதும் அதுதான். படிக்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எலியாடின் மனிதன் வாசற்படிக்கு வந்ததும் அடுத்த அடி எடுத்து வைக்கிறான். அவனை யாரும் "அங்கேயே நில்லுடா" என்று சொல்வதில்லை. வாசலைப் பற்றிய அந்தப் பக்கங்களில் காவற்காரன் வருவதாக வைத்துக்கொண்டாலும் அவன் கடவுளின் காவற்காரன். பேயையும் நோயையும் தடுப்பவன். அடுத்த தெருக்காரனைத் தடுப்பவன் அங்கே இல்லை.

துர்க்கைம் இதில் கொஞ்சம் மண்ணில் நிற்கிறவர். 1912இலேயே, புனிதமானது என்றால் ஒதுக்கி வைக்கப்பட்டது, விலக்கப்பட்டது என்று வரையறுத்துவிட்டார். பொருளை ஒதுக்கி வைப்பது என்றால் ஆளையும் ஒதுக்கி வைப்பதுதான் என்று நாம் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் விலக்குகளைப் பகிர்ந்துகொள்கிறவர்கள் ஒரே சமூகமாக இணைகிறார்கள் என்பது துர்க்கைமின் முடிவு. நம் ஊரில் விலக்கை ஒருவர் போட, இன்னொருவர் சுமந்தார். இருவரும் ஒரே சாமியைத்தான் கும்பிட்டார்கள். ஒரே சமூகம்தானா என்பதற்கு ஊரும் சேரியும் என்று இரண்டு பெயர்கள் இருப்பதே பதில்.

நந்தன் கதைக்கு வருவோம். சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் 'திருநாளைப்போவார்' என்ற பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறார். பின்னால் வந்த நம்பியாண்டார் நம்பி ஊரைச் சொல்கிறார், குலத்தைச் சொல்கிறார். தில்லையானின் அருளால் புலைமை நீங்கி, மூவாயிரவர் கைகூப்ப முனிவரானார் என்று ஒரே பாட்டில் முடித்துவிடுகிறார். அந்தப் பாட்டில் தீ இல்லை. அவரைப் புறத்தில் நின்ற தொண்டன் என்று குறிக்கிற சொல் மட்டும் இருக்கிறது. தீ, பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழாரிடம்தான் வந்து பற்றுகிறது.

சேக்கிழாரைச் சனாதனி என்று ஒரு சொல்லில் தள்ளிவிட என்னால் முடியவில்லை. கொள்ளிடக் கரையின் ஆதனூரில் இருந்த புலைப்பாடியை அவர் வரைந்திருப்பதைப் படித்துப் பாருங்கள். மருத மர நிழலில், சிறு தோலின் மேல் பிள்ளையைத் தூங்கவைக்கிறாள் உழத்தி. புதைத்துவைத்த பானையின் நிழலில் பெட்டைக்கோழி அடைகாக்கிறது. மாமரக் கிளைகளில் பறை தொங்குகிறது. இரும்பு வளையம் போட்ட கறுத்த பையன்கள் நாய்க்குட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அவர்கள் இடுப்பில் கட்டிய மணிச்சத்தத்தில் குட்டிகளின் சன்னமான குரைப்பு அமுங்கிப்போகிறது. சோழ அரசின் அமைச்சராக இருந்தவர் என்று சொல்லப்படும் ஒருவர் சேரியை இவ்வளவு கிட்டப் போய்ப் பார்த்திருக்கிறார். வெறுப்போடு பார்த்தவனுக்கு அந்தக் குரைப்பு காதில் விழாது.

இந்தப் பாடியிலிருந்து கோயிலுக்கு என்ன போகிறது என்ற கணக்கையும் சேக்கிழார் தருகிறார். பேரிகைக்கும் மற்ற முகக்கருவிகளுக்கும் போர்த்தத் தோல், இழுத்துக்கட்ட வார், வீணைக்கும் யாழுக்கும் நரம்பு, அர்ச்சனைக்குக் கோரோசனை. எல்லாம் செத்த மாட்டின் உடம்பிலிருந்து வருபவை, நந்தனின் கையால் போனவை. கோயிலுக்குள் எழுந்த ஓசையும் மணமும் அவன் கைப்பட்டவை. பொருளுக்குத் தீட்டு இல்லை, கைக்குத்தான் தீட்டு. புனிதமும் தீட்டும் எதிரெதிர் துருவங்கள் என்று சொல்லிப் பழகிவிட்டோம். இந்தப் பட்டியலைப் பார்த்தால் ஒன்றின் சரக்கு இன்னொன்றிலிருந்துதான் வருகிறது. இடையில் கைமாறும்போது செய்தவனின் பெயர் கழன்றுவிடுகிறது.

திருப்புன்கூரில் நந்தன் கேட்டது பார்வை மட்டும்தான். நேரே நின்று கும்பிட வேண்டும், நந்தி மறைக்கிறது. ஈசன் நந்தியை விலகச் செய்தார். கதாகாலட்சேபத்தில் கேட்டவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் கண்கலங்குவார்கள். எனக்கும் கலங்கும், மறைக்கவில்லை. ஏனென்றால் இங்கே ஒன்று நடந்துவிடுகிறது. கோயில் என்பது அளவெடுத்துக் கட்டிய உடம்பு. கருவறைக்கு நேர்கோட்டில் நந்தி, பலிபீடம், கொடிமரம் என்று கோடு பிசகாமல் வைக்கிற சாத்திரம் அது. அந்தக் கோட்டை ஒரு புலையனின் கண்ணுக்காகக் கடவுள் கலைக்கிறார். நந்தன் மாறவில்லை, குளிக்கவில்லை, வேறொருவனாகவில்லை. அவன் நின்ற இடத்தில் நிற்க, கல் நகர்ந்தது. கதையின்படி அவன் அங்கே ஒரு குளமும் வெட்டிவிட்டு, கோயிலை வலம்வந்து, ஊருக்குத் திரும்புகிறான். இந்தத் திரும்புதலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனாலும் மதில் நகரவில்லை. கடவுள் காளையை நகர்த்துகிறாரே தவிர வாசலைத் தொடுவதில்லை. தொலைவைக் குறைக்காமலே தொலைவைப் பொறுத்துக்கொள்ளும்படி செய்கிற ஏற்பாடு என்று இதைச் சொல்லலாம்.

தில்லையில் இதுவும் இல்லை. நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று நாள்களைத் தள்ளி, கடைசியில் ஒருநாள் வந்தே விடுகிறான். எல்லையிலேயே வேள்விப்புகையும் மறையோசையும் எதிர்கொள்ள, உள்ளே போக அஞ்சி, இரவு பகலாக ஊரைச் சுற்றி வலம் வருகிறான். பிறவி தடுக்கிறதே என்று துயரப்பட்டுத் தூங்கிப்போகிறவனின் கனவில் ஈசன் வருகிறார். தீயில் மூழ்கி முப்புரிநூலோருடன் சேர்ந்து வா என்கிறார். தில்லைவாழ் அந்தணர்களுக்கும் கனவில் கட்டளை போகிறது. அவர்கள் வருகிறார்கள், தென்மதிலின் வாயிலுக்கு முன் தீ அமைக்கிறார்கள். நந்தன் வலம்வந்து கைகூப்பி இறங்குகிறான். எழும்போது பூணூலும் சடையுமாக ஒரு முனிவர். கோபுரத்தைத் தொழுது உள்ளே போகிறார். கூத்தாடும் எல்லையைத் தாண்டியபின் அவரை யாரும் காணவில்லை.

திருப்புன்கூரில் ஒரு கல், ஒரு மனிதனுக்காக விலகிற்று. தில்லையில் ஒரு கல்லும் அசையவில்லை, மனிதனே விலக வேண்டியிருந்தது. ஒரே புராணத்துக்குள் இரண்டு வகைப் புனிதம் இருக்கிறது என்று நான் வாசிக்கிறேன். பெரிய இடத்தில், அரசும் சாத்திரமும் கூடி நின்ற இடத்தில், முதல் வகை செல்லுபடியாகவில்லை.

சடங்கு பற்றி யோசித்தவர்களின் சொற்களை இங்கே கொஞ்சம் உரசிப் பார்க்கலாம். வான் கெனப் 1909இல் கடப்புச் சடங்குகளை மூன்று கட்டமாகப் பிரித்தார்: பிரிதல், வாசற்படியில் நிற்றல், மீண்டும் சேர்தல். விக்டர் டர்னர், ஆப்பிரிக்காவின் நிடெம்பு மக்களிடையே கண்டதைக்கொண்டு நடுக்கட்டத்தை விரித்து எழுதினார். வாசற்படியில் நிற்பவனுக்குப் பதவி இல்லை, உடைமை இல்லை, பெயர்கூட இல்லை. அப்போது மனிதர்களுக்கிடையே ஒரு சமதை பிறக்கிறது என்பது டர்னருக்குப் பெரிய கண்டுபிடிப்பு. நம்மவர்கள் சிலர் பக்தி இயக்கத்தை அப்படியே இந்தச் சட்டகத்தில் பொருத்திவிட்டார்கள். நந்தன் பொருந்த மாட்டான். அவனுக்கு வாசற்படி ஒரு கட்டம் இல்லை, விலாசம். பிறந்ததிலிருந்து அங்கேதான் இருக்கிறான். மூன்றாவது கட்டமோ அவன் அழிந்த பிறகுதான் நடக்கிறது. சேர்த்துக்கொள்ளப்பட்டவர் நந்தன் இல்லை, யாரோ ஒரு முனிவர். காட்டுக்குள் கூட்டிப்போன பையன் ஆளாகித் தன் வீட்டுக்குத் திரும்புவான். அவன் தாய் அவனை அடையாளம் கண்டுகொள்வாள். ஆதனூருக்கு யாரும் திரும்பவில்லை. சிறு தோலில் தூங்கின பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு சேதியும் வரவில்லை.

அதைவிட முக்கியம், அந்தத் தீ மறுபடி மூட்டப்படவில்லை. சடங்கு என்றால் திரும்பச் செய்யக்கூடியது. நேற்று அவன் செய்தான், இன்று நான் செய்கிறேன், நாளை என் பிள்ளை செய்வான் என்பதுதான் அதன் பலம். நந்தன் இறங்கின தீ அப்படிச் சடங்காகியிருந்தால் அடுத்த வருஷம் ஆதனூரிலிருந்து இன்னும் பத்துப் பேர் வந்து நின்றிருப்பார்கள். வரவில்லை, வரக்கூடாது. அதனால் அது அற்புதமாக எழுதப்பட்டது. ஒருவனுக்கு ஒருமுறை நடந்ததை அற்புதமாக்கி வழிபடுவதன்மூலம், மற்றவர்களுக்கு அது வழியாகிவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். நந்தனின் பக்தி வைணவ மொழியில் சொன்னால் ஆழ்வார் அனுபவம், தத்துவ மொழியில் சொன்னால் அத்துவித அனுபவம் என்றெல்லாம் வியாக்கியானம் செய்கிறவர்கள், அந்த அனுபவம் மதிலுக்குக் கொடுத்த விலையைக் கணக்கில் எடுப்பதில்லை. ஒருவனுக்கு அனுபவம் கிடைத்தது, மதிலுக்கு ஆயுள் கிடைத்தது.

கோபாலகிருஷ்ண பாரதியார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தக் கதைக்குள் ஒரு வேதியரைக் கொண்டுவந்தார். பெரியபுராணத்தில் இல்லாத பண்ணையார். அவர் உத்தரவு கொடுத்தால்தான் நந்தன் மார்கழித் திருவாதிரைக்குப் போகலாம். நாற்பது வேலி நிலத்து வேலையையும் முடித்துவிட்டுப் போ என்கிறார். ஒரே இரவில் பூதகணங்கள் அதை முடித்துத் தருகின்றன. பண்டிதர்கள் முகஞ்சுளித்த நூல் இது. ஆனால் தஞ்சை மாவட்டத்துப் பண்ணைகளை அறிந்த எவருக்கும் இந்தச் சேர்க்கை எவ்வளவு கூர்மையானது என்று தெரியும். சேக்கிழாரிடம் 'நாளை' என்பது பணிவும் அச்சமும். பாரதியாரிடம் அது லீவு கிடைக்காத கூலியின் 'நாளை'. புனித காலம் சாதாரண காலத்தை முறித்துக்கொண்டு வருகிறது என்கிறார் எலியாட். பண்ணையாளுக்குப் புனித காலம் வந்தாலும் களத்துமேட்டில் ஐயாவைக் கேட்டுவிட்டுத்தான் வர வேண்டும். வேலையை முடிக்கப் பூதகணம் வந்ததே தவிர, வேலைநிறுத்தத்துக்கு வரவில்லை.

பிறகு வந்தவர்கள் தீயைத்தான் பிடித்துக்கொண்டார்கள். காந்தி நந்தனைச் சத்தியாக்கிரகியாகக் கண்டார். அயோத்திதாசர் நேரெதிராக, நந்தன் ஓர் அரசன், வேஷப் பார்ப்பனர்களின் சூழ்ச்சியால் கொல்லப்பட்டவன் என்று வரலாற்றையே திருப்பி எழுதினார். புதுமைப்பித்தன் 'புதிய நந்தன்' கதையில் தீயின் இடத்தில் ரயிலை வைத்தார். இந்திரா பார்த்தசாரதியின் 'நந்தன் கதை' நாடகத்தில் தீ சூழ்ச்சியாகவே வந்தது. எரித்தார்கள், எரித்ததை மறைக்கப் புராணம் எழுதினார்கள் என்ற வாசிப்பு இன்று பரவலானது. நடந்ததா என்று வரலாற்று ஆதாரம் கேட்டு மல்லுக்கு நிற்பதில் எனக்கு ஆர்வமில்லை. மதிலைக் காக்க ஒரு தீ எழுதப்பட்டது என்பதே போதும்.

எனக்குள்ள சங்கடம் வேறு. கொலை என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் நந்தனின் ஆசை என்னாகிறது? அவன் ஏமாந்தவன், பொய்ப்பிரக்ஞை என்று முடித்துவிடலாமா? நாற்பது வருஷமாக நம் முற்போக்குத் தோழர்கள் அப்படித்தான் முடித்தார்கள். பார்க்க வேண்டும் என்று ஒருவன் தினமும் நினைக்கிறான். அவன் கைப்பட்ட தோல் அதிர்கிற இடத்தை அவன் கண் பார்க்க வேண்டும் என்கிறது. இதில் ஏமாளித்தனம் எங்கே இருக்கிறது? தன் உழைப்பு போன இடத்துக்குத் தானும் போக வேண்டும் என்பது உரிமைக் குரல்தான். பக்தியின் பாஷையில் வந்ததால் நமக்குக் கேட்கவில்லை.

இதற்கு மாற்றாக நாட்டார் சடங்குகளைக் காட்டுகிற பழக்கம் ஒன்று இருக்கிறது. நானும் காட்டியிருக்கிறேன். பழைய தென்னார்க்காட்டுத் திரௌபதி அம்மன் கோயில்களில் தீமிதி பார்த்தவர்களுக்குத் தெரியும். காப்புக் கட்டி விரதமிருந்து, பாரதம் கேட்டு, கூத்துப் பார்த்து, காலையில் படுகளம் முடிந்து, சாயங்காலம் பூக்குழியில் இறங்குகிறார்கள். மறுபக்கம் பால்குழியில் கால் நனைத்து ஏறுகிறவர் இறங்கின அதே ஆள். காப்பு அவிழ்த்த மறுநாள் அவர் பஸ் ஓட்டப் போகிறார், கரும்பு வெட்டப் போகிறார். அடுத்த வருஷமும் தீ உண்டு. ஆளை மாற்றாத தீ, திரும்பத் திரும்ப எரிகிற தீ. தில்லையின் தீக்கு இதைவிடப் பொருத்தமான எதிர்வு கிடையாது என்று எழுதிவிட்டு எழுந்து போயிருக்கலாம்.

ஆனால் விழுப்புரம் மாவட்டத்து மேல்பாதியிலிருப்பதும் திரௌபதி அம்மன் கோயில்தான். 2023 ஏப்ரலில் திருவிழாவின்போது உள்ளே போன தலித் இளைஞர்கள் தாக்கப்பட்டார்கள். ஜூனில் வருவாய்த் துறை கோயிலைப் பூட்டி முத்திரை வைத்தது. 2024 மார்ச்சில் உயர்நீதிமன்ற உத்தரவின்பேரில் பூசைக்கென்று திறந்தார்கள். ஆகமம் இல்லை, தீட்சிதர் இல்லை, சமஸ்கிருதம் இல்லை. மதில் மட்டும் இருந்தது. நாட்டார் மரபு என்றாலே சமத்துவம் என்று தொண்ணூறுகளில் நாம் பேசின பேச்சுக்கெல்லாம் அந்தப் பூட்டு ஒரு பதில். தீ யாரையும் மாற்றாது என்பது உண்மை. குழியில் இறங்க யாருக்கு வரிசையில் இடம் என்பதை ஊர்க்கூட்டம் முடிவு செய்கிறது என்பதும் உண்மை.

1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சி கோயிலுக்குள் வைத்தியநாத ஐயருடன் போனவர்களை இந்த இடத்தில் நினைத்துக்கொள்கிறேன். அவர்களில் கக்கனும் ஒருவர். தீ இல்லை. யாருக்கும் பூணூல் முளைக்கவில்லை. உள்ளே போனார்கள், கும்பிட்டார்கள், வெளியே வந்தார்கள், போனபோது இருந்த பெயரோடும் சாதியோடும். அர்ச்சகர்களில் ஒரு பகுதியினர் பூசைக்கு வர மறுத்ததற்கு இதுதான் காரணமாக இருக்க வேண்டும். முனிவனாக மாறி வந்திருந்தால் கைகூப்பியிருப்பார்கள். அடுத்துச் சட்டம் வந்தது. 1947இல் இன்னும் விரிந்த சட்டம். சட்டத்தில் அற்புதம் கிடையாது, கவித்துவமும் கிடையாது. ஆனால் சடங்குக்கு இருக்க வேண்டிய அந்த ஒரு குணம் அதற்கு இருந்தது: இன்று ஒருவர் போனால் நாளை இன்னொருவரும் போகலாம். மீனாட்சியின் புனிதம் இதனால் குறைந்ததாக எந்தப் பக்தரும் சொல்லி நான் கேட்டதில்லை.

சிதம்பரத்தில் தொலைவுப் பிரச்சினை வேறு உருவில் நடந்துகொண்டிருக்கிறது. 2008இல் திருச்சிற்றம்பல மேடையில் தேவாரம் பாடப் போலீஸ் காவல் தேவைப்பட்டது. 2022இல் கனகசபையில் ஏறி வழிபட அரசாணை தேவைப்பட்டது. இரண்டும் எல்லாச் சாதிப் பக்தர்களையும் தொட்டவை என்பதால் பத்திரிகைகள் நிறைய எழுதின. நந்தன் நுழைந்ததாகச் சொல்லப்படும் தென்வாயிலைத் திறக்கச் சொல்லி நடந்த போராட்டங்களுக்கு அவ்வளவு மை செலவாகவில்லை.

நந்தன் மூழ்கின தீ இருந்ததாக ஊர் நம்புகிற இடத்துக்கு ஓமக்குளம் என்று பெயர். சுவாமி சகஜானந்தர் 1916இல் நந்தனார் கல்விக் கழகம் தொடங்கி அங்கே பள்ளிக்கூடம் வளர்த்தார். தலித் பிள்ளைகளைத் தங்கவைத்துப் படிக்கவைத்தார். மடம், காவி, நந்தன் பெயர் என்று அவர் பிடித்துக்கொண்டதையெல்லாம் இந்துத்துவத்துக்கு வழிவிட்டது என்று விமரிசிக்கிறவர்கள் உண்டு. அதில் கொஞ்சம் நியாயமும் இருக்கலாம். நான் பார்க்கிறது அந்த இடத்தில் அவர் எதைத் திரும்பத் திரும்ப நடக்கும்படி செய்தார் என்பதை. நான் போன நாள் பரீட்சை முடிந்து லீவு விட்டிருந்தார்கள். பெட்டியும் பையுமாக நாலைந்து பையன்கள் பஸ்ஸுக்கு நின்றார்கள். "எந்த ஊருப்பா?" என்றேன். ஒருவன் கொள்ளிடத்துப் பக்கம் ஓர் ஊரைச் சொல்லிவிட்டு, "இன்னிக்கே போயிருவோம் சார்" என்றான்.